நெல்லிக்கனி வாங்கக் கூடாது

'எனக்குத் தெரியாது' என்று நம் ஊரில் யாருமே சொல்லாத விஷயங்கள் மூன்று உண்டு. பல்வலிக்குக் கை வைத்தியம், அடுத்த எலெக்‌ஷனில் யார் ஜெயிப்பார், ரெஃப்ரி கொடுத்தது சரியா தப்பா. முதல் இரண்டுக்காவது 'எதுக்கும் டாக்டரை ஒரு தடவை பார்த்துடுங்க', 'எதுக்கும் கவுண்ட்டிங் முடியட்டும்' என்று கடைசியில் ஒரு வால் ஒட்டியிருக்கும். மூன்றாவதற்கு வால் கிடையாது. மைதானத்துக்கு வெளியே, கையில் கடலைப் பொட்டலத்தோடு, முன்னால் நிற்பவர் தலை மறைக்க, எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் முதலில் கத்துவார்: "யோவ், கண்ணு தெரியலையா?"

அந்தக் கண் தெரியாதவர்கள் சங்கத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். போன வருஷம் ஃபுட்பால் ரெஃப்ரி டிரெய்னிங் போய், பரீட்சை எழுதி, ஓடிக் காட்டி, ஏணியின் கடைசிப் படியில் ஒரு ரெஃப்ரியாகப் பாஸ் பண்ணியிருக்கிறேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு தருவாங்க?"

"பஸ் சார்ஜ். மத்தியானம் ஒரு பொட்டலம். மேல கொஞ்சம்."

"திட்டு?"

"அது ஃப்ரீ."

"அது இங்கேயே கிடைக்குதே. அதுக்கு எதுக்கு கிரவுண்டு வரைக்கும் போகணும்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

தருமபுரி என்றால் உங்களுக்கு ஒகேனக்கல் தெரியும். மாம்பழம் தெரியும். தொப்பூர் கணவாய் தெரியும். ஃபுட்பால் ஞாபகம் வராது. ஆனால் இங்கேயும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூல் கிரவுண்டுகளில் பந்து உருள்கிறது. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பையன்கள் சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வந்து, ஆடிவிட்டு, ஞாயிறு ராத்திரி மறுபடி பஸ் ஏறுகிறார்கள். பந்து இருக்கிறது. பையன்கள் இருக்கிறார்கள். கோப்பை தருகிற வள்ளல்களும் இருக்கிறார்கள் (அப்பா நினைவாக முதல் பரிசு, அம்மா நினைவாக இரண்டாம் பரிசு). இல்லாதது ஒன்றே ஒன்று. விசில் ஊத ஆள்.

இப்படித்தான் ஒரு டோர்னமெண்டில், ரெஃப்ரி என்று வந்து நின்றவர் முதல் பரிசு வள்ளலுடைய மச்சான். ரப்பர் செருப்பு. நடு வட்டத்தை விட்டு நகரவில்லை. வெயில் ஜாஸ்தியாம். செகண்ட் ஹாஃபில் ஒரு கோல் விழுந்தது. ஆஃப்சைடு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. மச்சான் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார். பிறகு ஒரு தீர்ப்புச் சொன்னார் பாருங்கள்:

"ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்கப்பா!"

பேசி முடித்தார்கள். கொடி கட்டியிருந்த மூங்கில் கம்பால். மேட்ச் அத்தோடு சரி.

அதில் பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் ஆடினான். பதினாறு வயசு இருக்கும். பந்து அவன் காலில் பசை போட்டு ஒட்டிய மாதிரி போகும். அவனைப் பார்ப்பதற்கென்றே ஒரு காலேஜ் பி.டி. மாஸ்டர் வந்திருந்தார். கம்பைப் பார்த்ததும் அவர் பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சீட் என்பது வசதியான வீட்டுப் பையனுக்கு ஒரு சௌகரியம். மானாவாரி நிலத்தில் கேழ்வரகு போடுகிற வீட்டுப் பையனுக்கு அது ஏணி. அந்த ஏணியைத் தட்டிவிட்டது மூங்கில் கம்பு என்று நான் நினைக்கவில்லை. 'பேசி முடிச்சுக்கங்கப்பா' என்ற அந்த ஒரு வாக்கியம்தான்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

★

டிரெய்னிங் பக்கத்து மாவட்டத்தில். மொத்தம் 24 பேர். நாங்கள் நாலைந்து ஆபீஸ் பிரகஸ்பதிகள், மீதி காலேஜ் பையன்கள், இரண்டு பெண்கள். வகுப்பெடுத்தவர் ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். வயிறு இல்லாத மனிதர். முதல் நாள் முதல் கேள்வி:

"ஃபுட்பால் தெரியும்கறவங்க கை தூக்குங்க."

24 கையும் மேலே போனது.

"த்ரோ எறியறான். பந்து யார் மேலயும் படாம நேரா எதிராளி கோலுக்குள்ள போயிடுது. கோலா?"

கோல் என்று பாதிப் பேர். இல்லை. கோல் கிக்.

"சரி, தன்னோட கோலுக்குள்ளயே நேரா எறிஞ்சுட்டான்?"

சேம் சைடு கோல் என்றோம் ஏகோபித்த குரலில். அதுவும் இல்லை. எதிராளிக்குக் கார்னர்.

"ஒரு டீம்ல எத்தனை பேருக்குக் குறைஞ்சா மேட்ச் நடத்தக் கூடாது?"

ஏழு. (எங்கள் ஊருக்கு ரொம்ப முக்கியமான விதி. இரண்டு பேர் கல்யாணத்துக்கும் ஒருத்தன் கறி வாங்கவும் போயிருப்பான்.)

"பந்து ரெஃப்ரி முதுகுல பட்டு கோலுக்குள்ள போயிடுது. என்ன குடுப்பே?"

இதற்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. முந்தியெல்லாம் ரெஃப்ரி என்பவர் மைதானத்தில் ஒரு மரம் மாதிரி. பந்து பட்டாலும் ஆட்டம் தொடரும், கோல் விழுந்தால் கோல்தான். 2019ல் மாற்றிவிட்டார்கள். இப்போது ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் போட வேண்டும்.

ஐந்தாவது கேள்விக்கு ஒரு கையும் மேலே இல்லை. மாஸ்டர் சிரித்தார். "இப்ப ஆரம்பிக்கலாம்."

மொத்தம் 17 விதிகள்தான். கேட்டால் சின்னப் புத்தகமாகத் தெரியும். உள்ளே இருக்கிற உள்விதிகள், உபவிதிகள் எங்கள் ஆபீஸ் சர்க்குலரைத் தோற்கடிக்கும். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். ஆட்டம் ஆரம்பிக்கும்போது எடை 410 முதல் 450 கிராம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. இதெல்லாம் கடவுள் போட்ட கணக்கு இல்லை, வெள்ளைக்காரனின் எட்டு கஜமும் எட்டு அடியும்.

இந்த விதிகளைக் காப்பது 1886ல் ஆரம்பித்த ஒரு சின்ன சபை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆளுக்கு ஒரு ஓட்டு. ஃபிஃபாவுக்கு நாலு ஓட்டு. மொத்தம் எட்டில் ஆறு விழுந்தால்தான் எதையும் மாற்றலாம். ஆக, உலகத்தையே ஆட்டி வைக்கிற ஃபிஃபாவால் தனியாக ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது. எனக்கு ஏனோ இது மகா திருப்தியாக இருந்தது.

ஆஃப்சைடுக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கினார் மாஸ்டர். புரியாத முகங்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் பந்தி உதாரணத்துக்கு வந்தார்.

"கல்யாண வீடு. ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டிருக்கார். அவர் நாற்காலிக்குப் பின்னாடி போய் நீ நிக்கறே. தப்பா?"

"இல்லைங்க மாஸ்டர். எல்லாரும் அப்படித்தான் நிக்கறோம்."

"அவர் எந்திரிக்கறதுக்குள்ள அவர் இலைல கை வெச்சா?"

"தப்புங்க."

"அவ்வளவுதான் ஆஃப்சைடு. அங்க நிக்கறது குத்தமில்லை. அங்க நின்னுக்கிட்டு ஆட்டத்துல காலை வெச்சாத்தான் குத்தம்."

நாற்பது வருஷமாக டி.வி. முன்னால் கத்திக்கொண்டிருக்கும் மகா ஜனங்களில் பாதிப் பேருக்கு இந்தப் பந்தி ரகசியம் தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது. டீக்கடையில் பந்தயம் கட்டலாம்.

★

அடுத்து ஓட்டம். ரெஃப்ரி என்றால் ஓரமாக நின்று ஊதுகிற வேலை என்று நினைப்பவர்களுக்காக: பெரிய மேட்ச்களில் ஒரு ரெஃப்ரி பத்துக் கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகிறார். பந்து இல்லாமல். கோல் போடுகிற சந்தோஷம் இல்லாமல். மாற்று ஆட்டக்காரர் வந்து தோளைத் தட்டி அனுப்புகிற கருணையும் இல்லாமல்.

அந்தக் காலத்தில் கூப்பர் டெஸ்ட் வைப்பார்கள். அமெரிக்க விமானப் படை டாக்டர் கென்னத் கூப்பர் 1968ல் பிரபலப்படுத்தியது. 12 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்று பார்ப்பது. இப்போது வேறு மாதிரி. முதலில் 40 மீட்டர் ஸ்பிரிண்ட் ஆறு தடவை. பிறகு 400 மீட்டர் டிராக்கில் 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை, மறுபடி ஓட்டம், மறுபடி நடை என்று 40 தடவை. அதாவது பத்து ரவுண்டு, 4 கிலோ மீட்டர். ஃபிஃபா தர ஆண்களுக்கு அந்த 75 மீட்டருக்கு 15 செகண்ட், நடைக்கு 18 செகண்ட். என்னைப் போன்ற கீழ்ப்படி ஆசாமிகளுக்கு நேரத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. மூச்சு வாங்குவதில் சலுகை கிடையாது.

தினமும் காலை ஐந்தரைக்கு ஓடிவிட்டு வந்து, களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனேன். நாலாவது வாரம் பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. ஆபீஸில் 'சுகரா?' என்று துக்கம் விசாரித்தார்கள்.

விசில் ஊதுவதற்குக்கூட டிரெய்னிங் உண்டு. "விசில்தான் உன் குரல். சின்னத் தப்புக்குச் சின்ன சத்தம். பெரிய தப்புக்கு ஊரே திரும்பணும்" என்பார் மாஸ்டர். பழைய விசிலில் உள்ளே ஒரு சின்ன உருண்டை இருக்கும், பஸ் கண்டக்டர் விசில் மாதிரி. அவசரத்தில் அது சிக்கிக்கொண்டு காற்று மட்டும் வரும். ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா பாஸ்கெட்பால் ரெஃப்ரி இதில் நொந்துபோய், உருண்டையே இல்லாத விசிலை 1987ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு உலகம் முழுக்க அந்த ஜாதி விசில்தான்.

நான் அதை வாங்கிவந்து மொட்டை மாடியில் பிராக்டிஸ் பண்ணினேன். மூன்று தடவை ஊதியிருப்பேன். கீழ் வீட்டு அம்மா அடுப்பை அணைத்துவிட்டார். அன்றைக்கு அவர்கள் வீட்டில் எல்லோரும் அரை வேக்காட்டுச் சோறு.

மஞ்சள் கார்டு, சிவப்பு கார்டு கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து - அர்ஜென்டினா ஆட்டம். ரெஃப்ரி ருடால்ஃப் கிரைட்லைன் ஜெர்மன்காரர். அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை 'வெளியே போ' என்றார். இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஜெர்மன் தெரியாது. ராட்டின் நிமிஷக்கணக்கில் நகரவே இல்லை. ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் என்ற இங்கிலீஷ்காரர் இதை யோசித்துக்கொண்டே காரில் போகிறார். சிக்னல் விழுகிறது. மஞ்சள்... சிவப்பு... பளிச்! 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் கார்டு வந்துவிட்டது. மொழி தேவையில்லை. (எங்கள் நான்கு ரோடு சிக்னலில் தினமும் நிற்கிறேன். எனக்கு இதுவரை ஒன்றும் தோன்றவில்லை. முன்னால் போகும் கரும்பு டிராக்டரின் புகைதான் தெரிகிறது.)

கார்டு காட்டினால் மட்டும் போதாது, நோட்டில் எழுத வேண்டும். எழுதியதைப் படிக்க வேண்டும். 2006 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் கிரஹாம் போல் ஒரே ஆட்டக்காரருக்கு - குரோஷியாவின் சிமுனிச் - மூன்று மஞ்சள் கார்டு காட்டினார். இரண்டாவதிலேயே அனுப்பியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்த சிமுனிச், எதிர்த்து ஆடிய ஆஸ்திரேலியர்களின் உச்சரிப்பிலேயே பேச, நோட்டில் ஆஸ்திரேலியாவின் 3-ம் நம்பர் பக்கம் பேனா போய்விட்டது. இரண்டு டீமிலும் 3-ம் நம்பர்! அத்தனை அனுபவம், அத்தனை பெயர். அதோடு அந்த உலகக் கோப்பை அவருக்கு முடிந்தது.

"பேச்சைக் கேட்டு எழுதாதே. சட்டையைப் பார்த்து எழுது" என்றார் மாஸ்டர். ஆபீஸுக்கும் பொருந்தும் வாசகம்.

★

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம் ஒன்று இருந்தது. அது புத்தகத்தில் ஒரு பாராதான். ஐந்தாவது விதி. ஆட்டத்தில் நடந்தது பற்றி ரெஃப்ரி சொல்வது முடிவு. கோலா இல்லையா என்பது உட்பட. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், ரெஃப்ரியே நினைத்தாலும் அந்த முடிவை மாற்ற முடியாது.

ஸார், நான் பதினோரு வருஷமாக ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எனக்கு முடிவெடுத்துப் பழக்கமே இல்லை. எங்களிடம் ஒரு பேப்பர் வந்தால், 'மேல்நடவடிக்கைக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது' என்று எழுதி மேலே தள்ளுவோம். மேலே இருப்பவர் 'பேசவும்' என்று எழுதிக் கீழே தள்ளுவார். போய்ப் பேசினால், 'போன தடவை என்ன செஞ்சோம்?' என்பார். போன தடவையும் இதையேதான் செய்தோம். ஆறு மாதத்தில் பேப்பர் மஞ்சளாகி, கேட்டவர் அலுத்துப்போய், பிரச்னை தானாகத் தீரும்.

மைதானத்தில் ஒரு செகண்ட். இதைவிட மோசமான செய்தி, மேலே தள்ள யாரும் இல்லை. பெரிய டி.வி. மேட்ச்களில் வி.ஏ.ஆர். என்று வீடியோ வைத்துப் பார்க்கிறார்கள், உலகக் கோப்பையில் 2018லிருந்து. எங்கள் ஊரில் வி.ஏ.ஓ. உண்டு. வி.ஏ.ஆர். கிடையாது.

மாஸ்டர் இதற்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார். இரண்டு பையன்களை மோதவிடுவார். தொப்பூரில் பிரேக் போன லாரி மாதிரி ஒருத்தன் வந்து விழுவான். உடனே எங்களில் ஒருவரைக் கைகாட்டுவார். "சொல்லு!" ஃபவுலா இல்லையா, எந்தப் பக்கம், கார்டு உண்டா. யோசித்தால், "உக்காரு. ஆட்டம் அடுத்த கோலுக்குப் போயிடுச்சு." முதல் வாரம் ஆபீஸ் பார்ட்டிகள் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தோம். காலேஜ் பையன்கள் டக் டக்கென்று சொன்னார்கள். மூன்றாவது வாரம்தான் எனக்கு வாய் திறந்தது. திறந்த பிறகு ஒரு ஆச்சரியம். பார்த்ததைப் பார்த்தபடி, அந்த இடத்திலேயே, சொந்தக் குரலில் சொல்வதில் ஒரு ருசி இருக்கிறது. பதினோரு வருஷமாக யாரோ எனக்குத் தராமல் ஒளித்துவைத்திருந்த ருசி.

அடுத்த பாடம் நடுநிலை. தருமபுரிக்காரனுக்கு இதை விளக்குவது சுலபம். தகடூர் என்றால் எங்கள் ஊர், அதியமான் எங்கள் ஆள். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தார். அப்புறம் அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் சண்டை மூளும்போல் இருந்தபோது தூது போனவர் அதே ஔவையார். தொண்டைமான் பெருமையாக ஆயுதசாலையைக் காட்ட, 'உன்னுடையது எண்ணெய் போட்டு அழகாக இருக்கிறது, அவனுடையது சண்டை போட்டே உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது' என்கிற அர்த்தத்தில் பாட்டி ஒரு போடு போட்டாராம்.

"தூதுக்கு ஔவையார் மாதிரி ஆள் கிடையாது. ரெஃப்ரியா மட்டும் போட முடியாது. ஏன்?" என்றார் மாஸ்டர்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "நெல்லிக்கனி வாங்கித் தின்னுட்டாங்க ஸார்."

"அதான்! எந்த டீம்கிட்டயும் நெல்லிக்கனி வாங்காதே. டீ கூட வாங்காதே. தாகமா இருந்தா வீட்டுலேருந்து தண்ணி கொண்டு போ."

★

ஒரு நாள் மாஸ்டர் சிரிக்காமல் வந்தார். ரிச்சர்ட் நியூவன்ஹெய்சன் என்று போர்டில் எழுதினார். ஹாலந்தில் அல்மேரே என்கிற ஊர்க்காரர். வயசு 41. 2012 டிசம்பர் 2ம் தேதி, மகன் ஆடுகிற மேட்ச்சுக்குச் சம்பளம் வாங்காமல் லைன்ஸ்மேனாக நின்றார். ஆட்டம் முடிந்ததும் எதிர் டீம் பையன்கள் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் அந்த நாடு முழுக்க அமெச்சூர் ஆட்டங்கள் அத்தனையையும் ரத்து செய்தார்கள். ஆறு விடலைப் பையன்களும் அவர்களில் ஒருவனுடைய அப்பாவும் கோர்ட்டில் குற்றவாளிகள் ஆனார்கள்.

"உங்களைப் பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. கம்பு தூக்கினா நிறுத்து. ஆட்டத்தை நிறுத்தற அதிகாரமும் உன் விசில்லதான் இருக்கு. அதை வீரம் இல்லைன்னு எவனாவது சொன்னா நம்பாதே" என்றார்.

அந்த அப்பாவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மைதானத்தில் பிள்ளைகள் கற்பதில் பாதியை வெளிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெரியவர்களிடமிருந்துதான் கற்கிறார்கள். நாம் 'கண்ணு தெரியலையா' என்று கத்துவது நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தமாஷ். பக்கத்தில் நிற்கிற பத்து வயசுப் பையனுக்கு அது பாடம்.

அடுத்த வாரம் 24 பேரில் 22 பேர்தான் வந்தோம். இரண்டு டீமுக்குச் சரியாக இருந்தது. கடைசியில் தேறியவர்கள் 13 பேர். பின் வரிசைப் பெண்தான் முதல் மார்க். அவளுக்கு முன்னால் பாதை இருக்கிறது. மாவட்டம், மாநிலம், தேசம், அதற்கு மேலே ஃபிஃபா பட்டியல். அதில் ரெஃப்ரிக்குக் குறைந்தபட்சம் 25 வயசு, உதவி ரெஃப்ரிக்கு 23. பேட்ஜ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். வருஷா வருஷம் ஓடிக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அங்கே போனவர்கள் நம்மவர்களில் உண்டு. 2002ல் ஜப்பான், கொரியாவில் நடந்த உலகக் கோப்பையில் கொடி பிடித்து ஓடிய கோமளீஸ்வரன் சங்கர் தமிழ்நாட்டுக்காரர். 2016ல் ஃபிஃபா பட்டியலில் ஏறிய ரூபா தேவி திண்டுக்கல்காரர். தமிழ்நாட்டிலிருந்து அப்படிப் போன முதல் பெண். திண்டுக்கல்லில் பூட்டு மட்டும்தான் என்று நினைத்திருந்தீர்களா?

★

சரி, என் முதல் மேட்ச். தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பதினேழு வயசுக்குட்பட்டவர்கள். கறுப்புச் சட்டை, இரண்டு வாட்ச், இரண்டு பேனா, ஒரு ரூபாய் காசு, சொந்தத் தண்ணீர் பாட்டில்.

மேற்குக் கோல் டீம் 1 - 0 முன்னணி. ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிஷம். அவர்களுடைய கீப்பர் பந்தைக் கையில் பிடித்தால் விடுவதாக இல்லை. மரத்தில் மாங்காய் பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல வானத்தைப் பார்க்கிறான், ஷூ லேஸைப் பார்க்கிறான். இங்கே ஒரு புது விதி. முன்னெல்லாம் கீப்பர் ஆறு செகண்டுக்கு மேல் வைத்திருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். கடுமையான தண்டனை என்பதாலேயே உலகத்தில் அநேகமாக எவரும் கொடுக்கவில்லை. 2025 ஜூலையிலிருந்து எட்டு செகண்ட் ஆக்கி, மீறினால் எதிராளிக்குக் கார்னர் என்று மாற்றினார்கள். கடைசி ஐந்து செகண்டை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல்விட்டு எண்ணிக் காட்ட வேண்டும்.

ஒரு முறை கூப்பிட்டுச் சொன்னேன். தலையாட்டினான். அடுத்த தடவையும் மாங்காய் பார்த்தான். கையைத் தூக்கினேன். ஐந்து... நாலு... மூன்று... இரண்டு... ஒன்று. விசில்! கார்னர்!

கிரவுண்டே திரண்டது. "கீப்பர் கையில வெச்சிருந்தா கார்னரா? எந்த ஊரு சட்டம்யா இது?" "நீ எந்த டீம் காசு வாங்கினே?" அந்தக் கோல் கம்பத்துக்குப் பின்னால், மடக்கிய குடையை என்னை நோக்கி நீட்டி, எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் மேனேஜர்.

கீப்பர் அவருடைய பையன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரியும். ஒரு செகண்ட். வாய் வரைக்கும் அந்த மச்சானின் வாக்கியம் வந்தது என்று சொன்னால் சுவாரஸ்யமாக இருக்கும். வரவில்லை. கேப்டனை மட்டும் கூப்பிட்டு, "எட்டு செகண்ட் தாண்டிடுச்சு தம்பி. கார்னர்" என்றேன். கார்னர் உள்ளே வந்தது, தலையில் பட்டது, கோல். 1 - 1. பிறகு பெனால்டி. மேற்குக் கோல் டீம் தோற்றது.

பிரித்துக் கழற்றிய வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல். அந்தக் கீப்பர்தான். கண்ணெல்லாம் சிவப்பு. கம்பு எதுவும் இல்லை கையில்.

"ணா, இந்த ரூல் எப்ப மாத்தினாங்க?"

சொன்னேன். புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். "ஃபோட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று செல்போனை எடுத்தான். பிறகு கை கொடுத்துவிட்டுப் போனான். மனைவி கேட்ட கேள்விக்கு - எவ்வளவு தருவாங்க - பதில் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. பஸ் சார்ஜ் தனி.

ஆசையுள்ள இளைஞர்களே, உங்கள் மாவட்டக் கால்பந்து சங்கத்தில் எப்போது டிரெய்னிங் என்று விசாரித்துவிடுங்கள். பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஓட முடிய வேண்டும். திட்டு வாங்கிவிட்டு ராத்திரி தூங்க முடிய வேண்டும்.

திங்கட்கிழமை ஆபீஸில் மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்.

"அந்த எட்டு செகண்ட்... நிஜமா எண்ணினீங்களா, குத்துமதிப்பா?"

"எண்ணினேன் ஸார். முதல் மூணு மனசுக்குள்ள, மீதி அஞ்சு விரல்ல."

"ம்... பையனும் கரெக்டுன்னுதான் சொல்றான்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

அடுத்த படிக்கான டிரெய்னிங் வருகிறது. மூன்று நாள் லீவு கேட்டு அப்போதே லெட்டரை அவர் மேஜையில் வைத்தேன். கையில் எடுத்தார். நிதானமாகப் படித்தார். வானத்தைப் பார்த்தார். 'பரிசீலனையில்' என்று எழுதி டிராயருக்குள் வைத்தார்.

எட்டு செகண்ட் தாண்டி, இன்றோடு எட்டு நாள். கார்னர் கொடுக்க எனக்கு அங்கே அதிகாரம் இல்லை.